எடை இயல்பு என்கிறது அறிக்கை, கல்லீரலில் கொழுப்பு என்கிறது ஸ்கேன்: உடல் பருமனை எதை வைத்து முடிவு செய்வது?

தாமிரபரணி:
அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்தில் ஆண்டுதோறும் செய்யும் மாஸ்டர் செக்கப்பின் அறிக்கை கைக்கு வந்திருக்கிறது. என் வயது 43, உயரம் 165 செ.மீ., எடை 67 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு) 24.6 என்று போட்டு, அதற்கு நேரே ‘இயல்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதே அறிக்கையின் பிற்பகுதியில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 238, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 34, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் நொதி) 62 என்று வரிசையாக உள்ளவற்றில் ஒன்றுகூட இயல்பான அளவில் இல்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

என் மனைவியின் அறிக்கை இதற்கு நேரெதிராக இருக்கிறது. அவர் 158 செ.மீ. உயரம், 78 கிலோ எடை, பி.எம்.ஐ. 31. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் ஆகிய எல்லாமே வரம்புக்குள் உள்ளன. முழங்கால் வலி மட்டும் இரண்டு ஆண்டுகளாக உண்டு. கல்யாண வீடானாலும் காதுகுத்து வீடானாலும் “உடம்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?” என்ற கேள்வி அவரை நோக்கித்தான் வருகிறது. என்னிடம் இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் இருவரில் உடல் பருமன் யாருக்கு இருக்கிறது, அதை எந்த எண்ணை வைத்துச் சொல்வது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

டெல்டா டாக்டர்:
நான் பொது மருத்துவன். உங்களைப் போன்றவர்களை என் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் பார்க்கிறேன். அறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சிட்ட மென்பொருள் 18.5 முதல் 24.9 வரை என்ற உலகப் பொது அளவைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறது. ஆசியர்களுக்கு அந்த அளவு பொருந்துவதில்லை என்பதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 என்ற எண்களையும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதலின்படி 23இலிருந்து அதிக எடை, 25இலிருந்து உடல் பருமன். ஆக, நம் நாட்டுக் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே அதிக எடைப் பிரிவில் இருக்கிறீர்கள்.

பி.எம்.ஐ.யின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1830களில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கைப் போட்டார். அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் குழுவினர்தாம் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். ஊர் முழுவதையும் அளந்து ஒப்பிடுவதற்கு இது நல்ல கருவிதான். ஆனால் 67 கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு, அந்தக் கொழுப்பு உடலில் எங்கே தங்கியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இதனால் விடை சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

தோலுக்கு அடியில், குறிப்பாக இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. சாப்பாட்டில் மிஞ்சிய ஆற்றலைப் பத்திரமாகச் சேமித்து வைப்பதே அதன் வேலை. குதிர் நிறைந்த பிறகும் நெல் வந்துகொண்டே இருந்தால் அது திண்ணையிலும் கூடத்திலும் கொட்டிக் கிடக்கும் அல்லவா, அதைப்போலத் தோலடிச் சேமிப்பு நிரம்பியதும் கொழுப்பு கல்லீரலிலும் கணையத்திலும் தசையிலும் குடலைச் சுற்றியும் தங்கத் தொடங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலினின் சொல் அங்கே எடுபடுவதில்லை. ஆகவே இரவில் நாம் ஒன்றும் உண்ணாதபோதும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிக்கொண்டே இருக்கிறது, கூடவே டிரைகிளிசரைடையும் அதிகமாக அனுப்புகிறது, அதன் விளைவாக எச்.டி.எல். குறைகிறது. உங்கள் அறிக்கையில் தனித்தனியாகத் தெரியும் ஐந்து கோளாறுகளும் இந்த ஒரே மூலத்திலிருந்து வருபவை. தெற்காசியர்களுக்கு அந்தக் குதிரே சிறியது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

உங்கள் வயிற்றுச் சுற்றளவு எவ்வளவு என்று எழுதவில்லையே?

தாமிரபரணி:
பேன்ட் அளவு 34 அங்குலம். ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை என்று படித்திருக்கிறேன். 34 அங்குலம் என்றால் 86 செ.மீ.தானே வருகிறது, ஐயா?

டெல்டா டாக்டர்:
பேன்ட் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நம்மில் பெரும்பாலான ஆண்கள் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் பெல்ட் கட்டுகிறோம். ஆண்டுக்காண்டு தொப்பை முன்னால் தள்ளத் தள்ளப் பெல்ட் கீழே இறங்கும், பேன்ட் அளவு மட்டும் கல்லூரிக் காலத்தில் இருந்தபடியே இருக்கும். தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்த நொடியில் அளவைப் படியுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை.

லண்டன்வாசி:
ஒரு சிறு தகவல். பிரித்தானியாவிலும் தெற்காசிய வம்சாவளியினருக்கு 23, 27.5 என்ற எல்லைகளையே வழிகாட்டுதலில் வைத்திருக்கிறார்கள். 2022இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்த இனத்தவருக்கும் ஆண், பெண் இருபாலருக்கும் ஒன்றே என்பதால் நினைவில் வைப்பது சுலபம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 82.5 செ.மீ. வரும்.

கணக்கர்:
மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் ஓர் ஐயம் இருக்கிறது. நேற்றுவரை 24.6 என்பது ஆரோக்கியம், எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியதும் அவர் நோயாளி என்றால், கோட்டை நகர்த்துவதால் லாபம் அடைகிறவர் யார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? பருமனைக் குறைக்கும் ஊசி மருந்துகள் சந்தைக்கு வந்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி இன்னும் அவசியமாகிறது. எங்கள் ஊரில் தொப்பையோடு எண்பத்தைந்து வயதுவரை வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள் உண்டு.

புள்ளிவிவரன்:
பொதுச் சுகாதாரத் துறையில் தரவுகளோடு வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கணக்கர் ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். ஆசியர்களுக்கான எல்லைகள் 2004இலும் 2009இலும் வந்தவை, நீங்கள் சொல்லும் ஊசி மருந்துகள் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்ததோ 2025இல். கோடு நகர்ந்ததற்குக் காரணம், இந்தியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே சர்க்கரை நோய் வருவதைக் கண்கூடாகக் கண்டதுதான்.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு பக்கக் கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் அதில் இருக்கிறது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். யாக்னிக்கின் குழு பச்சிளங்குழந்தைகளையும் அளந்தது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உள்ளுறுப்புகளிலும் நம் குழந்தைகள் வெகுவாகக் குறைந்திருந்தார்கள், தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்த அளவு குறையவில்லை. இந்த உடலமைப்பு தாயின் கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அவர்கள் வந்த முடிவு. இதை எந்த மருந்து நிறுவனமும் நகர்த்திய கோடு என்று சொல்ல முடியாது.

தேசியக் குடும்ப நல ஆய்வையும் பாருங்கள். பழைய கோடான 25ஐ வைத்தே கணக்கிட்டாலும், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 2015–16இல் 30.9 சதவீதமாக இருந்த அதிக எடையுள்ளவர்கள் 2019–21இல் 40.4 சதவீதமானார்கள். ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆனார்கள். இந்திய அளவில் அப்போது பெண்கள் 24.0, ஆண்கள் 22.9. வயலில் இறங்கி வேலை பார்த்த அந்தத் தலைமுறையின் தொப்பையையும், நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இன்றைய தொப்பையையும் ஒன்றாக வைத்து நான் பேசமாட்டேன். தசை வேலை செய்துகொண்டிருக்கும் வரை சர்க்கரைக்குப் போக இடம் இருக்கும்.

கணக்கர்:
தரவுகளுக்கு நன்றி. காலவரிசை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஓர் எண்ணைத் தாண்டியதாலேயே ஒருவரை நோயாளி என்று அழைப்பது சரியா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

டெல்டா டாக்டர்:
அந்தக் கேள்வியை உலக வல்லுநர்களும் கேட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வெளியான லான்செட் ஆணைக்குழுவின் அறிக்கை, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒரு தனி மனிதருக்குப் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது, வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னோர் அளவும் வேண்டும் என்கிறது. அதற்கு மேல், கொழுப்பு மிகுந்திருந்தாலும் உறுப்புகள் கெடாத நிலையை ஒரு வகையாகவும், உறுப்புகளோ அன்றாடச் செயல்களோ பாதிக்கப்பட்ட நிலையை இன்னொரு வகையாகவும் பிரிக்கிறது. இரண்டாவதைத்தான் நோய் என்கிறது. பெரியவர்களுக்கு அதைக் கண்டறிய 18 அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். உயர்ந்த சர்க்கரை, உயர்ந்த டிரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல். மூன்றும் சேர்ந்திருப்பது அவற்றுள் ஒன்று. ஆக, தாமிரபரணியின் சுற்றளவு எல்லையைத் தாண்டியிருந்தால், வீட்டில் ஒருவரும் குறை சொல்லாத அவருடைய உடம்புதான் அந்த இரண்டாம் வகைக்குப் பொருந்திப்போகிறது.

நூலகத் தோழி:
நான் 91 கிலோ எடையுள்ள பெண். இந்த இழையில் ஒருவரும் என்னைப் போன்றவர்களை ஏளனம் செய்யாமல் பேசுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு முறை காது வலிக்காக மருத்துவமனைக்குப் போனபோது, காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதற்கு முன்பே “முதலில் எடையைக் குறையுங்கள்” என்றார்கள். அதன் பிறகு நெடுநாள் எந்த மருத்துவமனைக்கும் நான் போகவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருந்ததுகூட, தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போன இடத்தில் செவிலியர் ஒருவர் தற்செயலாகப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. பருமன் உடம்புக்குக் கெடுதி என்றால், அந்தப் பேச்சுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் கெடுதிதான்.

வாயைக் கட்டினால் குறைந்துவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொழுப்புத் திசுவே லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் அதைக் கண்டுபிடித்தார்கள். எடை குறைந்தால் லெப்டின் சரிகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, ஓராண்டு கழிந்த பிறகும் இவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, ஓய்வாக இருக்கையில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. கெவின் ஹால் குழுவின் ஆய்வு அது. மனவுறுதி இல்லாதவர்கள் என்று எங்களைச் சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டுகிறேன்.

டெல்டா டாக்டர்:
சகோதரி சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மாத்திரைகள் ஆகியவையும் எடையை ஏற்றும். நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு நாங்களே கண்டிப்பதும் நடக்கிறது.

தாமிரபரணியின் மனைவியைப் பற்றி: அவருடைய கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கக்கூடும், அதனால் ரத்த அறிக்கை தெளிவாக இருக்கலாம். அதற்காக விட்டுவிடக் கூடாது. இப்படி இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து சேர்வதை நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2016இல், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை, பெருங்குடல், கணையம், பித்தப்பை உட்பட 13 வகைப் புற்றுநோய்களை அதிக உடல் கொழுப்போடு தொடர்புபடுத்தியது. முழங்கால் வலியும் அசட்டை செய்ய வேண்டியதன்று. முழங்கால் தேய்மானமுள்ள பருமனானவர்களிடம் செய்த ஆய்வில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் அடி எடுத்து வைக்கையில் மூட்டில் விழும் சுமை நான்கு கிலோ குறைந்ததாகக் கண்டார்கள். அவர் உரக்கக் குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா, பகலில் கண் சொக்குகிறதா என்று கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது.

அடுக்களை ஆலோசகர்:
நான் உணவியல் ஆலோசகர். சோற்றை நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறலாமா என்று இந்நேரம் யாராவது கேட்பார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். கேழ்வரகு தோசை ஐந்து சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். நம் சாப்பாட்டில் அரிசியைவிடப் பெரிய சிக்கல் விகிதம். காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் தேநீரோடு பஜ்ஜியோ பிஸ்கட்டோ, இரவில் மறுபடி தோசை. பருப்பு என்பது சாம்பாரின் அடியில் கிடக்கும் ஒரு கரண்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) என்ற ஆய்வில், நாட்டு மக்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, தட்டில் காயையும் பருப்பையும் அல்லது முட்டை, மீனையும் முதலில் வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள இடத்தில் சோற்றைப் போடுங்கள் என்பதுதான். குழம்பை ஊற்றிப் பிசைந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது.

கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு எடை குறைவதுதான் முதல் மருந்து. 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 67 கிலோவுக்கு ஐந்து சதவீதம் என்றால் மூன்றரைக் கிலோவுக்கும் குறைவுதான்.

தாமிரபரணி:
டாக்டர் சொன்னபடி அளந்தேன். 97 செ.மீ. வருகிறது. மனைவிக்கு 92. அவர் குறட்டை விடுவதில்லை, நான்தான் விடுகிறேன் என்று பக்கத்திலிருந்து சொல்கிறார். அந்த ஊசி மருந்து எனக்கு வேண்டியிருக்குமா என்பதையும் சொல்லுங்கள், ஐயா.

டெல்டா டாக்டர்:
இப்போதைக்கு வேண்டாம். அந்த ஊசி மருந்துகளில் செமாகுளூடைடு சராசரியாக 15 சதவீத எடையையும், டிர்செபடைடு அதன் உயர்ந்த அளவில் 20 சதவீதத்துக்கு மேலும் குறைத்ததைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைப்படுபவர்களுக்கு அவை நல்ல மருந்துகள், சகோதரி சொன்ன பசி ஹார்மோன்களின் போராட்டத்தில் மெய்யாகவே கை கொடுப்பவை. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குறையும் எடையில் தசையும் சேர்ந்து போகும் என்பதைத் தசை குறைவான நம்மைப் போன்றவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். கணைய அழற்சி வந்தவர்களும், குறிப்பிட்ட ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் உள்ளவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

உங்களுக்கு நம்பிக்கை தரக்கூடிய ஆய்வு சென்னையிலேயே நடந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதத்தினர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்தவர்களில் அது 39.3 சதவீதம். இதில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது, அந்த இரண்டாம் பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை என்பதைத்தான். எடைமுள் அசையாவிட்டாலும் உள்ளே மாற்றம் நடக்கிறது. ஆகவே வாரந்தோறும் எடை பார்த்து மனம் தளர வேண்டாம். நடையோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சியும் இருக்கட்டும்.

உங்கள் மனைவிக்கும் சுற்றளவு 80ஐத் தாண்டியிருப்பதால் ஆண்டுதோறும் சர்க்கரைப் பரிசோதனை தேவை. முழங்காலுக்குப் பிசியோதெரபிஸ்ட்டிடம் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி கற்றுக்கொள்ளலாம். குறட்டை உங்களுடையது என்றால், தூக்கப் பரிசோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான். அறிக்கையில் இன்னொரு கல்லீரல் நொதியான எஸ்.ஜி.ஓ.டி.யும் ரத்தத் தட்டணுக்களும் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
எஸ்.ஜி.ஓ.டி. 48, தட்டணுக்கள் 2,40,000 என்று இருக்கின்றன.

டெல்டா டாக்டர்:
வயதையும் இந்த இரண்டு எண்களையும் முன்பு சொன்ன எஸ்.ஜி.பி.டி.யையும் சேர்த்து, கல்லீரல் தழும்பை மதிப்பிடப் போடும் ஃபிப்-4 கணக்கில் உங்களுக்கு 1.09 வருகிறது. 1.3க்குக் கீழே இருப்பதால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைவு, உடனடியாக ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று மாதம் கழித்துக் கல்லீரல் பரிசோதனை, எச்பிஏ1சி, கொழுப்பு ஆகியவற்றைத் திரும்பச் செய்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அறிக்கையில் சுற்றளவுக்கென்று கட்டம் இருக்காது, 97 என்பதைப் பேனாவால் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.